வழிமறிக்கும் கட்டை

டிங்காராவுக்குக் கல்யாணம் என்றால் சாலையில் ஒரு மரக்கட்டை கிடக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், பெண்ணை அழைத்துப்போக வருபவரை ஊரார் கட்டை போட்டு மறிப்பார்கள். ஷ்ராங்கா என்று பெயர். வந்தவர் கட்டையை அறுக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், கேட்டதைக் கொடுத்துப் பெண்ணை மீட்க வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்க முடியாது. தங்கள் பெண் என்று ஊர் நினைத்தால் கட்டை விழும். இல்லையென்றால் சாலை சும்மா கிடக்கும். டிங்காரா சின்ன வயதிலிருந்து எல்லார் கல்யாணத்துக்கும் கட்டை தூக்கியவள்.

எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்த காரணம் வேறு. நான் செல்யே நகரத்துக்காரி, அம்மா வீடு அங்கேதான்; அங்கே ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பேச்சு எனக்கு வராது. ஒரு வசந்த காலத்தில் ஹாப்ஸுக்குக் கம்பி கட்டும்போது டிங்காரா உயரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் செவிலியர், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கூட இருப்பவள், ஒரே வீடு, தங்கை இல்லை, வாடகைக்கு இருப்பவளும் இல்லை என்று நான் கோர்த்து முடிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். மனைவி என்றிருந்தால் ஒரே சொல். குறைவாகப் பேசுகிறவர்களுக்குத்தான் அந்தச் சொல் அதிகம் தேவைப்படுகிறது.

அப்போதும் எங்களைப் போன்றவர்கள் பதிவு செய்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்குக் கல்யாணம் என்று பெயர் இல்லை. டிங்காரா ஒப்புக்கொள்ளவில்லை.

"டிராக்டரை ரெண்டு பேரு கூட்டா வாங்குற மாதிரி இருக்கு. அதுக்கு எவன் கட்டை போடுவான்?"

பிறகு சட்டம் மாறியது. எல்லாருக்கும் இருக்கும் அதே கல்யாணம் எங்களுக்கும் என்று ஆனது. ஒரு குழந்தையை இருவரும் சேர்ந்து தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்றும் ஆனது. டிங்காரா அடுத்த நாளே தேதி வாங்கிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் நாங்கள் எப்போதும் போல ஒரே வீட்டில் எழுந்தோம். அவள் ஜன்னலுக்கும் கண்ணாடிக்குமாக நடந்தாள்.

"ஏதாவது தெரியுதா?" என்றேன்.

"நான் ஒண்ணும் பாக்கல. வானம் எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

காரில் ஏறி, பதிவு அலுவலகம் இருக்கும் ஜாலெட்ஸ் பக்கமாகக் கீழ்ச் சாலையில் இறங்கினோம். கட்டை போடுவது ஊர்த் தீயணைப்புக் குழுதான்; அதன் கட்டடம் பூட்டியிருந்தது. எங்கள் எதிர் வீட்டு லுட்விக்தான் குழுவின் தலைவர்; அவர் வீட்டிலும் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. சாலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஹாப்ஸ் கொடிகள் மட்டும் கம்பியில் ஏறிக்கொண்டிருந்தன.

கடைசி வீட்டைத் தாண்டியதும் டிங்காரா, "சரி, பரவால்ல. நேரத்துக்குப் போயிடலாம்" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், அவள் அப்பாவைப் புதைத்த அன்று.

எனக்கோ அந்தக் கட்டை என்றாலே பயம். ஊரே சுற்றி நிற்க நான் பேரம் பேசுவதா? கட்டை விழக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டவள் நான். இப்போது சாலை காலியாக இருந்தது, என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

என் தொலைபேசி அடித்தது. லுட்விக்.

"ஏம்மா கெமிஸ்ட்ரி, எங்க தொலைஞ்ச? காலையிலேர்ந்து காத்துக்கிட்டு நிக்குறோம். பீரு சூடாகுது!"

"எங்க நிக்கிறீங்க அண்ணே?"

"எங்கயா? மேல, செல்யே ரோட்டுல. பொண்ணு எடுக்க வர ஆளு அசலூர்லேர்ந்துதான வரணும்? உங்க அம்மா வீட்டுலேர்ந்து வருவேன்னு பாத்தா ஆளையே காணோம்!"

"நான் ராத்திரி இங்கதான் இருந்தேன். எட்டு வருஷமா இங்கதான இருக்கேன்."

அந்தப் பக்கம் பின்னாலிருந்த யாரையோ திட்டும் சத்தம். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அவர் மனைவி ஸ்லாவ்கா கத்துவதும் கேட்டது.

டிங்காரா என் கையைப் பிடித்தாள். "பிரினா, கட்டை போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க. தப்பான ரோட்டுல."

"தப்பான ரோடு இல்லடி. நீதான் தப்பான வீட்டுல தூங்கிட்ட."

அவளைப் பின்வழியாக வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மணப்பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். நான் மட்டும் காட்டுப் பாதையில் சுற்றி, செல்யேயிலிருந்து வருபவள் போல மேல்சாலையில் வந்தேன்.

என் இடுப்பளவுக்குத் தடிமனான, காட்டில் வெட்டிய மரக்கட்டை. அதைச் சுற்றி ஊர். லுட்விக் தொப்பியும் சீருடையுமாக முன்னால் வந்தார்.

"யாரு நீ? எதுக்கு வந்த?"

"பிரினா. டிங்காராவக் கூட்டிட்டுப் போக."

"காது கேக்கல!"

"டிங்காராவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்!"

"கூட்டிட்டுப் போயி எங்க வெப்ப?"

"அவ வீட்டுலயேதான்."

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கப்படி முதலில் போலிப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தபால்காரர் கொராஸ்ட், மீசைக்கு மேல் முக்காடு போட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்தார்.

"இவ வேணாம். ஷேவ் பண்ணல."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பிறகு அறுத்தேன். ரம்பம் பாதியில் சிக்கிக்கொண்டது. "தண்ணிய அறுக்கத்தான் தெரியும்போல," என்றார் ஒருவர். ஸ்லாவ்கா ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தாள். "விதிய மீறுற!" என்று லுட்விக் கத்தினார். "உங்க கல்யாணத்துல உங்க அண்ணன் பிடிக்கலயா? வாய மூடுங்க," என்றாள் அவள்.

கட்டை இரண்டானதும் விலை கேட்டார்கள். சுட்ட பன்றி, பீப்பாய் பீர். நான் அதற்கு மேல் ஒன்று சேர்த்தேன்.

"ஊர்க் கிணத்துத் தண்ணி எல்லாத்தையும் வருஷா வருஷம் நானே சோதிச்சுத் தரேன்."

"ஐயோ, லுட்விக் கிணத்து லட்சணம் ஊருக்கே தெரிஞ்சிடும்!" என்றார் கொராஸ்ட்.

லுட்விக் சிரிக்கவில்லை. "மூணு வாரம் சண்டை போட்டோம், கெமிஸ்ட்ரி. ரெண்டு பேரும் பொண்ணுன்னா யார மறிக்கணும், யாரு தரணும்னு. கடைசியில ஸ்லாவ்காதான் தீத்து வெச்சா. டிங்காரா எங்க பொண்ணு. எங்க பொண்ண எடுக்குறவதான் தரணும்."

அதற்குள் டிங்காரா வந்துவிட்டாள். வீட்டில் இருக்கச் சொன்னதைக் கேட்காமல், வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்து நின்றிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். மை கன்னமெல்லாம் பரவியது.

"பன்னி ஒண்ணு போதாது," என்றாள். "நான் அவ்வளவு மலிவா?"

"நேரமாச்சு, ஆபீஸ்ல காத்திருப்பாங்க," என்றேன்.

"ஆபீஸ்ல பதிவு பண்ற அம்மாவுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன். மெதுவா வாங்கன்னாங்க. அவங்க ஊர்லயும் கட்டை உண்டு," என்றார் லுட்விக். பிறகு டிங்காராவின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அவள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

"எதிர் வீடுதான அண்ணே."

"எதிர் வீடா இருந்தா என்ன? பொண்ணு குடுத்திருக்கோம். முறையா, நீ கூட வந்து, விட்டுட்டு, உக்காந்து சாப்பிட்டுப் போகணும்."