ஃபின்லேயின் பாடை

கறுப்புக் கோட்டின் கடைசிப் பொத்தானை அப்பாவால் போட முடியவில்லை. எஃபி போட்டுவிட்டாள்.

"வண்டிய வாசலுக்கே வரச் சொல்லிட்டேன்" என்றார் டோர்மட்.

"எதுக்குப்பா? நம்ம ஊர்ல யார வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கோம்?"

"தூக்க யாரும்மா வருவா? ஊசி போட்டுச் செத்தவன."

லூயிஸ் தீவின் அந்தக் கிராமத்தில், இறந்தவரை ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சாலை நெடுகச் சுமந்து போவார்கள். திருடனுக்குக்கூட அது உண்டு. தம்பி ஃபின்லேவுக்கும் அது கிடைக்க வேண்டும்; எஃபி கர்த்தரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

போன வருடம், போதைப் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச சுகாதாரத் துறை ஆள் தேடியபோது, ஃபின்லே தன் முகத்தைக் கொடுத்தான். 'நான் ஃபின்லே. எனக்கு வந்தது ஒரு நோய். வெட்கப்படாமல் என்னோடு பேசுங்கள்.' படகுத்துறையிலும் கடையிலும் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். அன்றோடு அப்பா கடைக்குப் போவதை நிறுத்தினார். இந்த வசந்தத்தில் நோய் திரும்பி வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஜெபம் முடிந்தது. எஃபி முந்திப் போய் வண்டிக்காரரிடம், "நீங்க கல்லறைக்குப் போயி நில்லுங்க" என்றாள். வண்டி நகர்ந்தது. சாலையில் இரண்டு நாற்காலிகளின் மேல் பாடை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"என்ன காரியம் பண்ணிட்ட!" என்றார் அப்பா.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பெகி தன் மகன் கென்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளாஸ்கோவில் வேலை என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்த மகன்.

"இவன் வேலைக்குப் போகல, டோர்மட்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "ஆஸ்பத்திரியில இருந்தான். அதே நோய்தான். ஃபின்லே படத்தப் பாத்துட்டு அவனுக்குத்தான் போன் போட்டான். கூட்டிட்டுப் போயிச் சேத்ததும் உங்க புள்ளதான்."



"நானும் தூக்கலாமா, மாமா?" என்றான் கென்னத்.

தலைமாடு தகப்பனுக்குரிய இடம். டோர்மட் அவனையே பார்த்தார். பிறகு ஓர் அடி விலகினார்.

"இங்க நில்லுப்பா."

தூக்கினார்கள்.

"கனமே இல்லியேடா" என்றார் ஒருவர்.

"சாப்பாட்டக் கண்டாலே ஓடுற பய" என்றார் இன்னொருவர். அப்பாவின் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஏதோ கரகரத்தது.

பெண்கள் வாசலோடு நின்றுவிடுவது அங்கே வழக்கம். எஃபியும் பெகியும் தோள் உரச நின்று பார்த்தார்கள். பாடை கடந்த வீடுகளிலிருந்து ஒருவர், இருவராக ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்தார்கள்.

எதிரே வந்த பேருந்து ஓரமாக நின்றது. ஓட்டுநர் இறங்கி அவர்களோடு நடந்தார். ஆளில்லாத பேருந்தின் திறந்த கதவுக்குள் தூறல் விழுந்துகொண்டிருந்தது.