அடுத்த அமர்வில், இன்ஷா அல்லாஹ்

நிறுவனக் கோட்பாட்டுப் பட்டறைக்கு நாற்காலி போதவில்லை. போன முறையும் போதவில்லை, அதற்கு முந்தின முறையும் போதவில்லை. நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன, ஏன் நடக்காமல் படுத்துவிடுகின்றன என்று ஊருக்கே பாடம் சொல்லும் துறை அது. வணிகவியல் புலத்தின் மூன்றாம் மாடியில், ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் ஓர் அறையைத் திறந்துவைக்க அந்தத் துறைக்கு வக்கில்லை. ரபாப்தான் திறக்க வேண்டும். சாவிக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேர்வுக் குழுவினர் பக்கத்து அறைக்கு இழுத்துப்போன நாற்காலிகளைச் சண்டை போட்டு மீட்க வேண்டும். டீ சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேசப்போகும் கட்டுரையை ஞாயிறன்றே எல்லாருக்கும் அனுப்பி, புதனன்று "படித்தீர்களா" என்று கெஞ்சி, வியாழனன்று படிக்காமல் வருகிறவர்களுக்காக நகலும் எடுத்து அடுக்க வேண்டும்.

கட்டுரையை முன்கூட்டியே எல்லாரும் படித்துவிட்டு வரவேண்டும், வந்ததும் நேரே கேள்விக்குப் போகவேண்டும் என்பதுதான் பட்டறையின் விதி. நல்ல விதி. ரபாப் கொண்டுவந்தது. யாரும் எதிர்க்கவில்லை, யாரும் பின்பற்றவுமில்லை.

"தாயே, நாற்காலியத் தூக்கிக்கிட்டு இப்படி முறைக்காத. எங்க என் தலையில இறக்கிடுவியோன்னு இருக்கு," என்றான் ஹாஸிம். அவனும் அவளைப் போலவே பயிற்சி விரிவுரையாளன். அவன் அப்பாவும் மாமாவும் இதே புலத்தில் பேராசிரியர்கள். அதனால் அவனுக்குக் கோபம் வருவதில்லை.

"வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கம் பிடி."

"இன்னைக்கு உன் முறைதானே? நிஜமா?"

"நிஜமாதான். போன தடவையும் நிஜமாதான் இருந்துச்சு."

மூன்று முறை அவள் கட்டுரை தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை டாக்டர் மம்தூஹின் நண்பர் ஒருவர் புத்தகம் வெளியிட்டிருந்தார். ஒருமுறை டாக்டர் மம்தூஹுக்கே ஏதோ தோன்றிவிட்டது. ஒருமுறை காரணமே சொல்லவில்லை. துறைத்தலைவர் அவர்தான், பட்டறைத் தலைவரும் அவர்தான். பட்டறையில் கட்டுரை ஏற்கப்பட்டு அவர் கையெழுத்து விழுந்தால்தான் ரபாப் தன் ஆய்வைப் பதிவு செய்ய முடியும். பதிவு செய்ய அவளுக்கு இருந்த தவணை இந்தப் பருவத்தோடு முடிகிறது. தவறினால் விரிவுரையாளர் வேலை போய், கீழே மாணவர் பிரிவில் முத்திரை குத்தும் கவுண்டருக்கு மாற்றிவிடுவார்கள். பருவத்தின் கடைசி அமர்வு இது.

தலைநகரின் இம்பாபா பேட்டையில் கார்களுக்கு நெளிவு எடுக்கும் பட்டறை வைத்திருந்தார் அவள் அப்பா. அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது அவள் ஒருத்திதான். "அப்படி என்னதான் செய்வீங்க அந்தப் பட்டறைல?" என்று அம்மா கேட்பாள். "பேசுவோம்மா." "பேசி?" ரபாப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

முதலில் டாக்டர் இக்லாஸ் வந்தார். ஓய்வுபெற ஓரிரு வருஷமே இருந்த, அதிகம் வாய் திறக்காத பேராசிரியை. பட்டறையில் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பார். குறுக்கெழுத்துப் போடுகிறார் என்றுதான் ரபாப் நினைத்துவந்தாள். பின்னாலேயே இளையவர்கள் நாலைந்து பேர் கையில் சமோசாவும் சிமித் ரொட்டியுமாக வந்து, வெட்கமேயில்லாமல் நகலை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார்கள்.

டீ ஆறிய பிறகு டாக்டர் மம்தூஹ் வந்தார், காதில் தொலைபேசியோடு. "பாலத்துலயா? அக்டோபர் பாலத்துல ஏறாதீங்கன்னு சொன்னேனே! சரி சரி, மெதுவா வாங்க, நாங்க எங்கயும் போகமாட்டோம்." தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு நமக்கு ஒரு பெரிய விருந்தாளி. வளைகுடாவுல இருந்து லீவுக்கு வந்திருக்கார். நம்ம பழைய தோழர். நாலு வார்த்தை பேச ஒத்துக்கிட்டார்."

ரபாப் அடுக்கிய நகல்களின் மேல் கையை வைத்தாள். "டாக்டர், இன்னைக்கு என் முறை."

"தெரியும்மா. உன்னுது அடுத்த அமர்வுல, இன்ஷா அல்லாஹ்."

"அடுத்த அமர்வு லீவுக்கு அப்புறம். என் தவணை அதுக்குள்ள முடிஞ்சிரும். அத உங்களுக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன்."

ஹாஸிம் சமோசாவை அப்படியே பிடித்திருந்தான்.

"பாருங்க, என்னமா கோபம் வருது இதுக்கு!" என்று டாக்டர் மம்தூஹ் சிரித்தார். "சரி, அவரு பாலத்துலதான் இருக்கார். வர்ற வரைக்கும் உன்னுத ஓட்டு. என்ன தலைப்பு?"

ஞாயிறன்று அனுப்பிய கட்டுரையின் தலைப்பை வியாழனன்று கேட்கிறார். "முடிவெடுக்காத குழு," என்றாள் ரபாப் பல்லைக் கடித்துக்கொண்டு. "தலைநகர்ல ஒரு சங்கத்தை ரெண்டு வருஷமா பார்த்து எழுதினது."

உண்மையில் அவள் எழுத நினைத்தது ஒரு நெசவாலையைப் பற்றி. உள்ளே நுழைய அனுமதி கேட்டுப் போட்ட மனு எந்த மேசையில் தூங்குகிறதோ, இன்றுவரை பதிலில்லை. ஆலை இல்லை, வங்கி இல்லை, எந்தக் கதவும் திறக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்த ஒரே அமைப்பு அவள் நாற்காலி சுமந்து நடத்தும் இந்தப் பட்டறைதான். அதையே எழுதினாள். யார் முதலில் பேசுகிறார், யாரை யார் குறுக்கே வெட்டுகிறார், முடிவு நெருங்கும்போது பேச்சு எங்கே நழுவுகிறது, எல்லாம் இருந்தது. இடத்தின் பெயரை மறைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அவளும் பட்டறையைச் சங்கம் ஆக்கினாள், பேராசிரியர்களை உறுப்பினர்கள் ஆக்கினாள். படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று நம்பினாள். தெரியட்டும், வெடிக்கட்டும் என்றுதான் அனுப்பினாள்.

டாக்டர் மம்தூஹ் நகலை எடுத்து முதல் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார். முகம் மலர்ந்தது.

"சங்கம்! அட, இது நம்ம அடுக்குமாடி உரிமையாளர் சங்கம்ல! இந்தத் தலைவரை எனக்குத் தெரியும். ஆறாவது மாடில இருக்கான், ரிட்டயர் ஆன பிரிகேடியர். லிஃப்ட் நின்னு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? கூட்டம் போடுவான், கூட்டம் போடுவான், ஒரு முடிவும் எடுக்கமாட்டான். என் மாமியார் மூட்டுவலிக்காரி, அவங்களை நாங்க சேர்ல வெச்சுத் தூக்கிட்டுப் போறோம்!"

"எங்க பில்டிங்லயும் இதே கதைதான் டாக்டர்," என்றான் ஓர் இளையவன். "தண்ணி மோட்டார்."

"எங்க கிளப்ல நீச்சல் குளம்," என்றான் இன்னொருவன்.

லிஃப்ட் மோட்டாருக்குப் போனது, மோட்டார் குளத்துக்குப் போனது. தொலைபேசி அடித்தது. விருந்தாளி இன்னும் பாலத்தில். டாக்டர் மம்தூஹ் எழுந்துபோய் ஜன்னலருகே நின்று எந்த வழியாக இறங்குவது என்று அவருக்கு விளக்கினார். ரபாப் கையிலிருந்த பேனாவை மூடியும் திறந்தும் நின்றாள். அவள் எழுதிய ஒன்பதாம் பக்கம் அப்படியே எழுந்து அறைக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒரு கண் இல்லை. வெடிக்கும் என்று பார்த்தால் இங்கே மாமியாரின் மூட்டுவலி பேசுகிறார்கள்.

"எனக்கு ஒரு கேள்வி," என்றது கடைசி வரிசை.

எல்லாரும் திரும்பினார்கள். டாக்டர் இக்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கையிலிருந்த நகல் ரபாப் இன்று அடுக்கியது அல்ல. வீட்டிலேயே அச்செடுத்தது. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

"இந்தச் சங்கத்து ஆளுங்ககிட்ட, உங்களப் பார்த்து எழுதப்போறேன்னு சொல்லிச் சம்மதம் வாங்கினியாம்மா?"

படித்திருக்கிறார். இந்த அறையில் ஒரே ஒருத்தர் படித்திருக்கிறார். அவர் கேட்டதும் சரியான கேள்வி.

"வாங்கல."

"ஏன்?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க."

"அப்ப, மாட்டேன்னு சொல்ற வாய்ப்பே அவங்களுக்குக் கொடுக்கல."

"எனக்கு மட்டும் யார் கொடுத்தா டாக்டர்?"

"அது கேள்விக்குப் பதில் இல்லம்மா," என்றார் டாக்டர் இக்லாஸ், குரலை உயர்த்தாமல். "கட்டுரை நல்லா இருக்கு. ஆறாம், ஏழாம் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு. கூட உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே ஒளிஞ்சு பார்த்திருக்க. அதுல பார்க்கப்பட்ட ஒருத்தியா எனக்கு வலிச்சுது."

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. டாக்டர் மம்தூஹ் தொலைபேசியை மூடிக்கொண்டு வந்து அமர்ந்தார். "சம்மதமா? அந்தப் பிரிகேடியர்கிட்டயா? இக்லாஸ், அவன்கிட்ட என்ன சம்மதம் வேண்டிக்கிடக்கு! நல்ல கட்டுரை. நான் ஏத்துக்கறேன்." ரபாப் நகல்களோடு வைத்திருந்த அங்கீகாரத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். "ஒண்ணே ஒண்ணு மாத்து ரபாப். ராணுவத்துல இருந்து வர்றவங்களுக்குக் கலந்து பேசற பழக்கம் கிடையாது, அதுதான் கோளாறுன்னு முடிவுரைல போடு. பல்கலைக்கழகம் மாதிரி இடத்துல இப்படி நடக்க வாய்ப்பே இல்லன்னும் ஒரு வரி."

பேனா தாளைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் போதும். கவுண்டர் இல்லை, முத்திரை இல்லை. ரபாப் டாக்டர் இக்லாஸைப் பார்த்தாள். அவர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காப்பாற்றப் போவதுமில்லை.

படிக்காமல் மூன்று முறை தள்ளினார். இப்போது படிக்காமலே ஏற்கிறார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான். இரண்டு வருஷ உழைப்புக்கு இந்த அறையில் இவ்வளவுதான் மரியாதை.

"லிஃப்ட் இல்ல டாக்டர்," என்றாள். "பிரிகேடியரும் இல்ல. இந்தப் பட்டறைதான் அந்தச் சங்கம். ஒன்பதாம் பக்கம் படிங்க. நீங்கதான்."

ஹாஸிம் "யா ரப்பீ, ஆண்டவனே" என்று முனகினான்.

டாக்டர் மம்தூஹ் பேனாவை வைத்துவிட்டு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். உதடு அசைய அசையப் படித்தார். 'தலைவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறார். அதன்பின் உறுப்பினர்கள் அந்தக் கதையைப் பற்றியே கருத்துரைக்கிறார்கள்.' பத்தாம் பக்கம். பதினொன்று. காது மடல் சிவந்திருந்தது. ஒரு கணம் அவர் வயதானவராகத் தெரிந்தார். ரபாபுக்கு அது பிடிக்கவில்லை.

அப்போது பார்த்து வாசலில் "ஸலாம் அலைக்கும்!" என்று ஒரு கனத்த குரல். வாசனைத் திரவியம் முன்னால் வர, விருந்தாளி பின்னால் வந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். டாக்டர் மம்தூஹ் தாளை மூடினார். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"அடுத்த அமர்வுல பார்ப்போம்மா, இன்ஷா அல்லாஹ்," என்று சொல்லிக்கொண்டே கைகளை விரித்து நடந்தார்.

"இல்ல டாக்டர்." ரபாப் மேசையைச் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றாள். விருந்தாளியின் விரித்த கைகள் பாதியில் நின்றன. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நீங்க மறுத்தா நான் புலக் குழுவுக்கு மேல்முறையீடு போகலாம். தள்ளி வெச்சா நான் எங்க போவேன்? தள்ளி வெச்சதுக்கு மேல்முறையீடே கிடையாது."

"விருந்தாளி முன்னாடி என்ன பேச்சு இது?"

"அவரும் கேட்கட்டும். சம்மதம் கேட்கலன்னு டாக்டர் இக்லாஸ் சொன்னது சரி. தப்பு என்னுதுதான். இப்ப கேக்கறேன். உங்களப் பத்தி எழுத எனக்குச் சம்மதம் தர்றீங்களா, இல்லையா?"

"நான் தர்றேன்," என்றார் டாக்டர் இக்லாஸ் பின்னாலிருந்து. "ஏழாம் பக்கத்துல என்னைக் 'குறுக்கெழுத்துப் போடும் உறுப்பினர்'னு எழுதியிருக்க. அத மட்டும் திருத்து. அது குறுக்கெழுத்து இல்ல, குறிப்பு."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். அந்தச் சிரிப்புதான் டாக்டர் மம்தூஹுக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல!" என்றார். "தரமாட்டேன். என் அறையில உக்காந்து என்னையே வேவு பார்த்திருக்க. இல்லன்னா இல்ல!"

"எழுதிக் கொடுங்க."

விருந்தாளி பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க வழியில்லாமல், நின்றபடியே குனிந்து, அங்கீகாரத் தாளில் 'மறுக்கப்படுகிறது' என்று எழுதி, காரணமும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ரபாப் அதை எடுத்து ஊதி மையைக் காயவைத்தாள். ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. இதற்குத்தானா இத்தனை நாற்காலி தூக்கினோம் என்று எரிச்சல்தான் மிஞ்சியது.

"ஜெயிப்பியா?" என்றான் ஹாஸிம் வாசலில், குரலைத் தாழ்த்தி.

"குழுவுல பாதிப் பேரு இவரோட ஆளுங்க. மீதி உங்க மாமா மாதிரி, படிக்காமலே தலையாட்டற ஆளுங்க."

"மாமாகிட்ட நான் வேணா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். படிக்கச் சொல்லு. அது போதும்."

படியிறங்கும்போது மேலே விருந்தாளியின் குரல் கேட்டது, பிறகு கைதட்டல், பிறகு ஒரு குழப்பம். ப்ரொஜக்டர் எரியவில்லை போலிருக்கிறது. "ரபாப்! ரபாப் எங்க? யாராவது ரபாபைக் கூப்பிடுங்க!"

வியாழக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு புலக் குழுச் செயலரின் கவுண்டரில் மேல்முறையீடு வாங்க ஆள் இருக்காது. தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.