பச்சை இலைக்கு என்ன அர்த்தம்

1

இந்தக் கதை தூத்துக்குடி முத்தையாபுரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா பாத்திரம் கழுவும் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பச்சை இலைக்கு என்ன அர்த்தம்?"

"சுற்றுச்சூழலுக்கு நல்லதாம் டீச்சர்."

"யாரு சொன்னா?"

"சோப்புக்காரன்தான் சொல்லுதான்."

அண்ணாச்சி பருப்பு நிறுக்கப் போய்விட்டார். நான் கதையோடு வீட்டுக்கு வந்தேன்.

2

துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது ஜாய் டீச்சர்... (வேண்டாம். தூத்துக்குடி என்றாலே கப்பல் ஊத வேண்டுமா?)

ஜாய் டீச்சர் நாசரேத்துக்காரர். அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். எல்லாக் கதையிலும் போகிறான் என்று பிள்ளையே இல்லாமல் செய்துவிட்டேன். பிறகு எனக்கே பாவமாக இருந்தது.

சோப்பு உறையில் இருந்த எண்ணுக்கு அவர் போன் செய்தார். எடுத்த பெண்ணின் பெயர் சரண்யாதேவி.

"மேலிடத்துல கேட்டுட்டு நாளைக்குக் கூப்பிடுறேன் மேடம்."

சொன்னபடி மறுநாள் கூப்பிட்டாள். பதில் வரவில்லையாம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"பரவாயில்லம்மா. நீ சாப்பிட்டியா?"

அந்தி நேரத்துக் குடும்ப ஜெபத்தில் டீச்சரே பாடி, டீச்சரே வேதம் வாசித்து, டீச்சரே ஆமென் சொல்வார். இப்போது அந்த ஜெபத்தில் சரண்யாதேவி பெயரும் வருகிறது.

3

இங்கே கதை முட்டிக்கொண்டது. அறிவியல் டீச்சருக்கா இது தெரியாது? அம்புக்குறி முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகை. பச்சைப் புள்ளி என்றால் சைவம், அவ்வளவுதான். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அரசு தரும் முத்திரை மண்பானைப் படம். வெறும் இலையை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். எட்டாம் வகுப்புக்கு இதையெல்லாம் நடத்தியவர் அவர்.

(கதாபாத்திரம் சரியில்லை, அடித்துவிடலாம் என்று இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார். நாளைக்கும் ஒருவர் தன்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.)

4

இன்று சரண்யாதேவிக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இலை கம்பெனியே வரைந்த படம். யாரும் சோதித்துச் சான்று தரவில்லை. டீச்சரிடம் இதைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. அதன்பிறகு சரண்யாதேவி டீச்சரின் எண்ணை மறுபடி அழைக்கக் கூடாது, அது அலுவலக விதி.

உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். டீச்சர் "சரிம்மா" என்று போனை வைத்தார். என்னால் அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்னும் பதில் வரவில்லை என்று பொய் சொல்வதாக இன்னொன்று...

அதையும் விட்டுவிட்டேன்.

போன் அடிக்கிறது. டீச்சர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுக்கிறார்.

"சொல்லும்மா. பதில் வந்துட்டா?"

வாசகரே, இப்போது சரண்யாதேவி நீங்கள்தான். டீச்சர் லைனில் இருக்கிறார்.