ஏப்ரல் இருபத்தாறு இல்லாத வீடு

1

1999 ஏப்ரல் 27, செவ்வாய்க்கிழமை, மாலை மணி 4.20. வானம் தெளிவு, வெயில் நூற்று இரண்டு டிகிரி.

மேற்கண்ட வரியில் தேதியும் கிழமையும் மட்டும் பொய். அன்று ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. பிழையான தேதியை நான் அடிக்கவில்லை. இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது.

2

பாளையங்கோட்டையில் சிவசைலம் என்றொரு தலைமை எழுத்தர். (அவருக்கு ஒரு நற்குணமேனும் கொடுக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். கணினிக்குத் தம் கையாலேயே துணியுறை தைத்தார் என்பதற்கு மேல் எதுவும் நிற்கவில்லை.) அவர் மனைவி பிரம்மநாயகி, மாஞ்சோலையில் பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மலையிறங்கி, திங்கள் விடியலில் முதல் பேருந்தில் ஏறுகிறார். இவ்வாண்டு பாளையங்கோட்டையிலேயே ஓர் இடம் காலி. மாறுதல் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 26.

அதே 26 அன்று ஒரு வைரஸ் விழித்தெழுந்து கணினிகளை அழிக்கும் என்று சிவசைலம் நாளிதழில் படித்தார். அவர் கணினிக்கு இணைய இணைப்பு இல்லை. வெளியார் ஃபிளாப்பி எதுவும் அதற்குள் நுழைந்ததில்லை. வைரஸ் வருவதாயிருந்தால் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வர வேண்டும். ஆயினும் காவல் குறையவில்லை. வீட்டில் குளிர்ச்சியான ஒரே அறை கணினிக்கு. செருப்பு அறைக்கு வெளியே. திரையின் மேல்விளிம்பில் திருநீறு. பிரம்மநாயகி கூடத்தில் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை சிவசைலம் கணினியின் தேதியை 25இலிருந்து 27க்கு மாற்றினார். 26 வராவிட்டால் வைரஸும் வராது. (இந்தத் தருக்கத்தில் என்னால் குறைகாண முடியவில்லை, அதுவே எனக்கு எரிச்சல்.)

பிறகு அதே கணினியில் மனைவியின் விண்ணப்பத்தை அடிக்கத் தொடங்கினார்.

"நான் கையாலயே எழுதிருதேனே," என்றார் பிரம்மநாயகி.

"வீட்டுல கம்ப்யூட்டர வச்சுக்கிட்டுக் கையால எழுதுனா சிரிக்க மாட்டானுவளா?"

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சிவசைலம் மூன்று முறை படித்தார். மேல்மூலையில் கணினி தானாக இட்ட தேதியை மட்டும் படிக்கவில்லை. பிரம்மநாயகி அடியில் கையெழுத்திட்டுவிட்டு, மலைக்குக் கொண்டுபோகத் துணி அடுக்கப் போனார்.

3

(அப்பாத்துரை என்னும் கல்வி அலுவலகக் குமாஸ்தாவைக் கொடியவராக எழுத எண்ணினேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

திங்கள் காலை பதினொரு மணிக்குச் சிவசைலம் விண்ணப்பத்தை நீட்டினார்.

"சார், நாளைக்கு எழுதப்போற மனுவ இன்னைக்கே கொண்டாந்துட்டியளே," என்றார் அப்பாத்துரை.

சிவசைலம் பார்த்தார். "அடிச்சுத் திருத்திக்கிடுங்க."

"திருத்துனா பக்கத்துல டீச்சர் இனிஷியல் போடணும்லா?"

"அவ மலைக்குப் போயிட்டா."

"உங்க சீட்டுல நீங்க என்ன செய்வியளோ, அதத்தான் நானும் செய்யுதேன்."

இதே காரணத்துக்காகத் தம் அலுவலகத்தில் சிவசைலம் திருப்பியனுப்பிய மனுக்கள் ஏராளம். மலைக்கு அடுத்த பேருந்து மதியம். அங்கிருந்து இறங்குவது மறுநாள். இனிஷியலை அவரே போட்டுவிடலாமா என்று— [முடிக்காமல் விடுகிறேன். அரசு ஊழியரைப் பற்றிய வாக்கியம்.]

விண்ணப்பம் மறுநாள், 27ஆம் தேதி முத்திரையுடன், காலங்கடந்ததாகக் கோப்பில் சேர்ந்தது. கணினி நலம்.

4

முடிவு அ: அதிகாரி மனமிரங்கி, மாறுதல் ஆணையையே கொடுத்துவிடுகிறார்.

முடிவு ஆ: வைரஸ் உண்மையிலேயே வருகிறது. இது நீதியானது, ஆகவே நம்பத்தகாதது.

நடந்தது வேறு. இடம் இன்னும் காலியாக இருந்ததால், மாறுதல் வேண்டுமா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறாரா என்று ஆசிரியையே நேரில் எழுதித்தரலாம் என அதிகாரி இசைந்தார். மே 7, வெள்ளிக்கிழமை. அலுவலக வாசலில் சிவசைலம் ஓர் அச்சிட்ட தாளை மனைவியிடம் கொடுத்தார். 'கணினியின் நலன் கருதித் தேதி மாற்றப்பட்டிருந்தமையால்' என்று அது தொடங்கியது.

"அதுல வைரசு இருந்துச்சா?" என்றார் பிரம்மநாயகி.

"இல்ல. தேதிய மாத்துனதால தப்பிச்சுது."

"இல்லாததுகிட்ட இருந்து தப்பிச்சிருக்கு."

"எடக்குப் பேசாத. கையெழுத்துப் போடு. ஜூன்லயே வீட்டுக்கு வந்துரலாம்."

"எந்த ரூமுக்கு?"

சிவசைலம் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார். "அதுக்குப் பைய ஒரு ஏற்பாடு பண்ணணும். தூசி படக் கூடாது பாரு."

5

பிரம்மநாயகி தனியே உள்ளே போனார். அச்சிட்ட தாளைக் கைப்பையில் வைத்துவிட்டு, அப்பாத்துரையிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே இரண்டு வரிகள் எழுதினார்.

[அவ்வரிகளை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் என் நடையே இருந்தது. அவர் நடை இல்லை. வெறுமையாக விடுகிறேன்:

..............................
..............................

வாசகர் நிரப்பிக்கொள்ளலாம்.]

அப்பாத்துரை தலையை நீட்டிப் படித்தார். "டீச்சர், சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"அவுக வெளியதான் நிக்காவ. நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி."

கையெழுத்திட்டார். தாளை அவரிடம் கொடுத்தார்.