பதினோரு குர்ஆன்கள்

மிசிசிப்பி ஆற்றோரச் சிறையில் கைதியான எனக்குச் சிற்றாலயத்தில் வேலை. நன்கொடையாக வரும் பைபிள்களுக்கு முத்திரை குத்தி அடுக்குவேன். பரோல் விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது. எந்த வம்புக்கும் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது சக கைதி லூஷியஸ் த்ரெட்கில் பெயருக்கு ஒரு பள்ளிவாசலிலிருந்து பெட்டி வந்தது. ரமலானுக்காக அவரும் கூட்டாளிகளும் கேட்டிருந்த பதினோரு குர்ஆன்கள். இலவசப் புத்தகம் கூடாது, கடையிலிருந்துதான் வரவேண்டும் என்று தபால் அறை தடுத்துவிட்டது. முப்பது நாளில் முடிவாகாவிட்டால் பெட்டி குப்பைக்கு.

லூஷியஸின் முறையீடு தள்ளுபடியானது. அந்த வாரமே அவர் அறையை மூன்று முறை சோதனை போட்டார்கள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றார்.

"ஆரின், உங்க பைபிளெல்லாம் எங்கேருந்து வருது?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. சர்ச்சுக்காரங்க சும்மா அனுப்புறாங்க."

"அதை எழுதிக் குடு. சட்டம் எல்லா மதத்துக்கும் ஒண்ணுதான்னு மறுபடி முறையிடப் போறேன். சாட்சி வேணும்."

"அண்ணே, எனக்குப் பரோல் வருது. வேற ஆளப் பாருங்க."

"முத்திரை குத்துறவன் நீ. நான் யாருகிட்டப் போவேன், சமையக்காரன்கிட்டயா?"

நாட்கள் ஓடின. நான் எதுவும் எழுதவில்லை. இருபதாம் நாள் தபால் அறையைக் கடந்தபோது, அந்தப் பெட்டி குப்பை வண்டியருகே கிடந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது. அன்றே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு லூஷியஸிடம் கொடுத்தேன். அதன்பின் வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தேன்.

எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் சார்ஜென்ட் வந்தார். "நாளையிலேருந்து உனக்கு சலவைக்கூடம்."

"ஏன் சார்?"

"அங்க ஆள் பத்தல."

இருபத்தொன்பதாம் நாள் முறையீட்டை ஏற்றுப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். கெட்டி அட்டைகளைப் பிய்த்திருந்தார்கள், பாதுகாப்புக்காம். லூஷியஸ் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் சுத்தமான துணியில் சுற்றிக் கூட்டாளிகளிடம் கொடுத்தார்.

பரோல் குழுவில் ஒரு அம்மாள், "ஆலய வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது: ஓராண்டு தள்ளிவைப்பு. காரணம் எழுதவில்லை.

லூஷியஸ் அதை இரண்டு முறை படித்தார்.

"என்னாலதானா?"

"தெரியல அண்ணே."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கைதிகளின் தலை எண்ணும் மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.