சுரையாவின் கம்பிப் பல்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, முல்லா வீதியில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த ஷஹாபுதீனின் மனைவி ஜஹபர் நிஷா, மகள் சுரையாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். இன்னொரு கையில் ஒரு சின்னத் தகர டப்பா.

"டீச்சரம்மா, இவளுக்கு மெட்ராஸ்ல பல்லுக்குப் பிளேட் போட்டிருக்கு. தூக்கிக்கிட்டு நின்ன பல்லை அது உள்ள தள்ளுதாம். சாப்புடறப்ப மட்டும் கழட்டி இந்த டப்பாவுல வெச்சி, வாய் கொப்புளிச்சிட்டு மறுபடியும் மாட்டிக்கணும். நடுவுல நாலு நாள் போடாம விட்டா பல்லு பழையபடி கெளம்பிடும்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. இங்க நீங்கதான் பாத்துக்கணும்."

தனக்கொடி டீச்சர் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "எங்க, ஆ காட்டு" என்றாள்.

சுரையா கூச்சப்படவே இல்லை. வாயை அகலத் திறந்து காட்டினாள். அண்ணத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தகடு. முன்பற்களுக்குக் குறுக்கே பளபளவென்று ஒரு கம்பி.

தனக்கொடி தன் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அவள் வாய்க்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ரெட்டியார்பாளையம் போகிற வழியில் ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஷ்புஷ் வண்டி கவிழ்ந்து, கல்லில் முகம் மோதி, மேல்வரிசையில் மூன்று பல் போய்விட்டது. மூன்று பொய்ப்பல் வைத்த பிளேட் போட்டுக்கொண்டுதான் அவள் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றுவரை ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் விட்டுப்போகவில்லை.

முதல் நாளே தொல்லை ஆரம்பித்துவிட்டது. வருகைப்பதிவு எடுக்கும்போது சுரையாவின் வாயில் 'ச' வரவில்லை. நாக்கு தகட்டில் மோதி 'த' என்றே விழுந்தது. தன் பேரையே "துரையா" என்றாள். வகுப்பில் வேம்பு என்று ஒரு வாயாடி உண்டு. சும்மா விடுவாளா?

"பிரெஞ்சுக்காரத் துரைமாருங்க எல்லாம் கப்பலேறிப் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. இவங்க ஒருத்தர்தான் பாக்கி. சலாம் துரை!" என்று நெற்றியில் கைவைத்துச் சலாம் வைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சுரையாவும் சிரித்தாள். துரை மாதிரியே தலையை ஆட்டி சலாமை வாங்கிக்கொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து கம்பியைக் காட்டினாள்.

இந்தப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையே என்று தனக்கொடி நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம், தலைமையாசிரியை குஞ்சம்மாள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே இருப்பவர். எல்லோருக்கும் அவர் மதாம்தான். உள்ளே சுரையா பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். 'சந்தை' 'தந்தை' ஆனது. 'சனிக்கிழமை' 'தனிக்கிழமை' ஆனது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதாம் வாசலில் நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கடுத்தது.

"வர்ற புதன்கிழமை இன்ஸ்பெக்ஷன். இது என்ன கூத்து? அது முடியற வரைக்கும் இந்தப் பொண்ணு அதை வாயில போட்டுக்கிட்டு வரக்கூடாது. கழட்டமாட்டேன்னா வீட்டுலயே இருக்கட்டும்."

அத்தனை நாள் சிரித்துக்கொண்டே இருந்த சுரையாவின் முகம் அப்போதுதான் விழுந்தது. போன வருஷம் வரை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாசிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்தால் அவளைத்தான் எழுப்பி நிறுத்துவார்கள். இப்போது அவளை ஒளித்துவைக்கப் பார்க்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இடைவேளையில் தனக்கொடி ஆசிரியர் அறைக்குப் போனாள். மதாம் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று டீச்சர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மதாம், அந்தப் பிளேட்டைக் கழட்டினா பல்லு பழையபடி கெளம்பிடும். வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது. பழகிட்டா பேச்சு சரியாயிடும்."

"என்ன பேசறே தனக்கொடி? அதை வாயில வெச்சிக்கிட்டு எவளால சுத்தமாப் பேச முடியும்? எங்க, ஒருத்தியைக் காட்டு. நான் ஒத்துக்கறேன்."

தனக்கொடி தலையாட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். ஆனால் குனிந்த அந்தத் தலை கண்ணை விட்டுப் போகவில்லை. கைக்குட்டையை எடுத்தாள். கட்டைவிரலால் பிளேட்டை நெம்பினாள். மூன்று பல்லோடு அது கைக்குட்டையில் வந்து விழுந்தது. அதை மதாமின் மேசைமேல் வைத்தாள்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் பொக்கை வாயைத் தனக்கொடி பார்த்தாள். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கூரை இடிந்து விழவில்லை. பிளேட்டைப் பக்கத்துச் சொம்புத் தண்ணீரில் கழுவி, திரும்ப மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"ஆறு வருஷமா இதை வாயில வெச்சிக்கிட்டுத்தான் மதாம் இந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கறேன். சொல்லுங்க, எந்தச் சொல்லு சுத்தமா வரலை?"

மதாம் பேனாவைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா?" என்றார். பிறகு, "நானா வாயை விட்டுட்டேன். சரி, போட்டுக்கிட்டே வரட்டும். ஆனா புதன்கிழமை மானம் போச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

செய்தி மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தபோது நாற்பது ஜோடிக் கண்ணும் தனக்கொடியின் வாயையே பார்த்தன. "ஆமா, எனக்கும் இருக்கு. போதுமா? இப்பக் கணக்கு நோட்டை எடுங்க" என்றாள். அவ்வளவுதான், பேச்சு அடங்கிவிட்டது. சுரையா மட்டும் நோட்டை எடுக்காமல் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் பயிற்சி. வாய் கொப்புளித்து, பிளேட்டைக் கழுவி மாட்டி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். தான் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததையெல்லாம் தனக்கொடி வெட்டவெளியில் சொல்லிக்கொடுத்தாள். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வை. அவசரப்படாதே. எச்சில் ஊறினா நிறுத்தி முழுங்கு, அப்புறம் பேசு. வேம்புவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். "நீதான் காது. 'த' விழுந்தா சிலேட்டுப் பலகையிலே ஒரு தட்டு தட்டு."

வேம்பு ஈவிரக்கம் பார்க்காத நீதிபதி. முதல் நாள் அவள் கையே வலித்துப்போயிற்று. மூன்றாம் நாள் பத்துத் தட்டு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, ஆனாலும் வேம்பு பலகையோடு முல்லா வீதிக்கே போய்விட்டாள். "டீச்சர், நேத்து ரெண்டே ரெண்டு தட்டுதான்!" என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தனக்கொடியைப் பார்த்துக் கத்தினாள். அவளே வாசித்த மாதிரி அவ்வளவு பெருமை.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் வந்தார். தடித்த கண்ணாடி, கறுப்புக் கோட்டு. மதாம் பின்னாலேயே வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கம்பி பளிச்சிட்ட இடத்தில் நின்றார்.

"எழுந்திரும்மா. உன் பேர் என்ன?"

"சுரையா."

தெளிவாக விழுந்தது. வேம்புவின் கை பலகைக்கு மேலே தூக்கியபடியே நின்றது.

"வாசி."

சுரையா புத்தகத்தைப் பிரித்தாள். "சனிக்கிழமை காலையில் சந்தை கூடும்..." தனக்கொடியின் நாக்கும் வாய்க்குள் கூடவே வாசித்தது. இரண்டாம் பத்தியில் ஓரிடத்தில் குரல் வழுக்கியது. சுரையா நிறுத்தினாள். எச்சிலை விழுங்கினாள். அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். பிறகு எங்கேயும் நிற்கவில்லை. சந்தைக் கூச்சலைச் சொல்லும் இடம் வந்தபோது வியாபாரிகள் மாதிரியே குரலை ஏற்றினாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"வாயில என்னம்மா அது?"

"பிளேட் சார். பல்லு நேராவறதுக்கு. போட்டா மொதல்ல பேச்சு வராது. ஒரு வாரத்துல வந்துடும்."

இன்ஸ்பெக்டர் மதாமைப் பார்த்து, "இந்த ஜில்லாவுல இப்படி ஒரு வாசிப்பை நான் கேக்கலைங்க" என்றார். மதாம் தன் கையால் தனக்கொடியைக் காட்டி, "எல்லாம் இவங்க வேலை" என்றார். தனக்கொடி வாய்விட்டுச் சிரித்தாள், கையால் மூடாமல்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பே சுரையாவை நடுவில் விட்டு ஊர்வலமாகக் கிளம்பிவிட்டது. தனக்கொடியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ஷஹாபுதீன் கடையிலிருந்து பதறி இறங்கினார்.

"என்ன டீச்சரம்மா, எம் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

தனக்கொடி பதில் சொல்வதற்குள் வேம்பு முந்திக்கொண்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"நீயே படிச்சிக் காட்டும்மா" என்றார் மகளிடம்.

கடை வாசல் முக்காலிமேல் சுரையா ஏறி நின்றாள். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. ஜஹபர் நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுரையா தெரு முழுக்கக் கேட்கிற குரலில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பாடம் முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. அடியில் இருந்த பயிற்சிக் கேள்விகள் அத்தனையையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினாள்.