பன்னிரண்டாவது இன்னிங்ஸ்

2024 செப்டெம்பர் 28, சனிக்கிழமை. உயிர் பிரியப்போகும் மனிதனின் காதில் பதிகம் விழவேண்டிய வேளையில், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முந்திய பேஸ்போல் ஆட்டமொன்றின் இரைச்சல் விழுந்துகொண்டிருந்தது. இது முறையன்று. நவரட்ணத்தால் அதைப் பொறுக்க முடியவில்லை.

கட்டிலில் கிடந்தவன் அவருடைய தம்பி ஸ்ரீதரன். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், அவனுடைய வீட்டு முன்னறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். இன்றைய பொழுதைத் தாண்டமாட்டான் என்று காலையில் வந்த தாதி சொல்லிப் போயிருந்தாள். மகள் நிலாணி ஐபாடை அவன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். நோகும்போது கையை மாற்றிக்கொண்டாள்.

“உதை நிப்பாட்டு, பிள்ளை.”

“அப்பாதான் போடச் சொன்னவர், பெரியப்பா. ரொறன்ரோ தோத்த கேம். கனடாவுக்கு வந்த அடுத்த வருசம் நேர போய்ப் பார்த்தவராம்.”

“தோத்ததை என்னத்துக்குத் திருப்பிப் பார்க்கிறான்? இப்ப பார்த்தா வெண்டிடுவினமோ?”

“நோ ஐடியா. நீங்களே அவரைக் கேளுங்கோ.”

ஸ்ரீதரனின் கடைவாயில் சிரிப்புப் போலொன்று வந்து போனது. நவரட்ணம் அவனிடம் கேட்கவில்லை.

ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம், சமநிலையில் இழுபட்டுப் பன்னிரண்டாவதில் நின்றது. நவரட்ணத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எவன் எந்தப் பக்கம்? அடித்தவன் ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறான்? அடிக்காதவன் ஏன் ஆறுதலாக நடந்து போகிறான்? தம்பியின் மூச்சு இடைவெளி விட்டு வரத் தொடங்கியதும், அவர் ஐபாடை வாங்கி நிறுத்தினார். அவன் நெற்றியில் திருநீறு பூசிப் பதிகத்தைத் தொடங்கினார்.

ஸ்ரீதரன் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தான். விரல்கள் காற்றில் எதையோ தேடின. தண்ணீர் கேட்கிறான் என்று எண்ணிய நவரட்ணம், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் பாட்டில் மூச்சு நின்றது. அவர் மீதிப் பாட்டுகளையும் பாடி முடித்தார்.

தாதிக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு வந்த நிலாணி, கட்டிலின் மறுபக்கத்தில் நின்றாள்.

“ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ பெரியப்பா. ஒவ்வொரு செப்டெம்பரும் இந்தக் கேமைப் போடுவார். ஒன்பதாவதில, வெல்லப்போற நேரம் பார்த்து ஓஃப் பண்ணிப்போட்டுப் படுத்திடுவார். மிச்சத்தைப் பார்க்கவே மாட்டார். இண்டைக்குத்தான், கடைசிவரைக்கும் ஓடவிடு எண்டவர்.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் பாடத் தொடங்கீட்டியள்.”

நவரட்ணம் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பதிகம் ஓதியது பிழையா? அது எப்படிப் பிழையாகும்? பிறகு அந்த முகம் ஏன் திரும்பியது?

உடலை எடுத்துச்செல்லும் வண்டி வரும்வரை அவர் தம்பியருகே அமர்ந்து, ஆட்டத்தை நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டார். பதின்மூன்றாவதில் ரொறன்ரோ தோற்றது. குளிர்ச்சட்டைக் கூட்டம் எழுந்து கலைந்தது. அந்தக் கூட்டத்தில் மெலிந்த, கறுத்த, இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனை அவர் தேடினார். படம் மங்கலாயிருந்தது. சற்றுப் பின்னுக்குத் தள்ளி, மீண்டும் தேடினார்.

வாசிக்கின்றவரே, அந்தக் கட்டிலருகே நீங்கள் இருந்திருந்தால் ஆட்டத்தை நிறுத்தியிருப்பீர்களா, ஓடவிட்டிருப்பீர்களா? ஆறுதல் வேண்டாம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.